டேப் சுற்றிய எழுத்துகள்

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரே ஒரு ‘ழ’ உட்கார்ந்திருந்தது. நாற்காலி அளவுக்குப் பெரிய ‘ழ’. அதற்கு முன்னால் என் மனைவி, மூக்கு திரையில் இடிக்கிற தூரத்தில் குனிந்து, மூச்சுவிட மறந்தவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மவுஸை ஒரு நூல் அளவு நகர்த்தினாள். ‘ழ’ ஓரமாக வழுக்கிப் போக, ‘கி’ வந்தது. அதுவும் போய் ‘ய’ வந்தது. ‘பழகிய’ என்ற ஒரு வார்த்தையைப் படிக்கத்தான், தனியாளாக அலமாரியை நகர்த்துகிறவள் மாதிரி அவள் இத்தனை பாடுபட்டுக்கொண்டிருந்தாள். கருவிப் பையை நான் கீழே வைத்த சத்தத்துக்குத் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் இருந்த கதவுக் கைப்பிடியைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் நான் தெரிவேன்.

அவளுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மறைந்துவிடும், அதைச் சுற்றியிருப்பது தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுக்கு அப்பால் பார்ப்பாள். கல்யாணமான புதிதில்கூட நீ என்னை இப்படி ஓரக்கண்ணால் பார்த்ததில்லையே என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்தேன், அவளும் சிரித்தாள். இதற்கு மருந்து கிடையாது, கண்ணாடியை மாற்றிப் பயனில்லை, முழு இருட்டாகிவிடாது, ஆனால் எழுத்து போய்விடும் என்று மருத்துவர் சொன்ன அன்று இருவரும் சிரிக்கவில்லை. அவள் பிழைப்பே எழுத்துதான். ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறாள். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு எழுத்தையும் கடைசியாகத் தொட்டுப் பார்த்து அனுப்புகிற ஆள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சமையல் தடவித் தடவிப் பண்ணிடுவேன். தெருவுல கையைப் புடிச்சுட்டு நடந்துடுவேன். எழுத்து போச்சுன்னா நான் யாருங்க?”

நான் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். எந்த வீட்டுக்குள் போனாலும் கேட்கிற கேள்விக்கு ஒரு பதில் வைத்திருப்பவன், தெரியாவிட்டாலும் கேஸ் கம்மி என்றாவது சொல்லிவைப்பவன். அன்று பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி விரலில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் இரண்டே விஷயம்: கால்குலேட்டர், சீட்டாட்டம். கால்குலேட்டர் பொய் சொல்லாது, சீட்டாட்டத்தில் தோற்றாலும் எதிரே யாரும் உட்கார்ந்து இளிக்க மாட்டார்கள். அவள் கதை வேறு. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற மென்பொருள்களை எல்லாம் வீட்டில் ஆள் வைத்த மாதிரி வைத்திருந்தாள், பெயர்கூட இட்டிருந்தாள். நோட்பேடுக்குப் பெயர் சாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளும், எதிர்த்துப் பேசாது, எழுத்துக்கு அலங்காரம் கேட்காது. முழுப் புத்தகத்தையும் திறக்கிற பெரிய மென்பொருளுக்குப் பெயர் மேனேஜர். கேட்காமலே சிவப்புக் கோடு போடுவதால். திரையை ஊதிப் பெரிதாக்குவது பூதக்கண்ணாடி. சாயங்காலம் நான் வந்ததும், பூதக்கண்ணாடி இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது, மேனேஜருக்குத்தான் ‘வாயில்’ என்ற சொல் பிடிக்கவில்லை என்று நாத்தனார்களைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுவாள். நானும் உம் கொட்டுவேன்.

பூதக்கண்ணாடி சில மாதங்கள் தாங்கியது. ‘பழகிய’ படிக்க அவ்வளவு நேரமானால் ஒரு நாவலைப் படிக்க எத்தனை நாளாகும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தக் கணக்கை அவளிடம் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக, இனி நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தொண்டை வறள, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். நடிகன் மாதிரிப் படித்தேன் என்றுகூடச் சொல்வேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தி, இந்த வரியை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். ‘வந்தர்கள்’ என்று இருந்தது. நான் ‘வந்தார்கள்’ என்று படித்திருக்கிறேன். அதற்கு முன்னால் ‘கதைவத் திறந்து’ என்று இருந்ததைக் ‘கதவைத் திறந்து’ என்றே படித்திருக்கிறேன். அப்படித்தான் இருந்தது என்று சத்தியம்கூடச் செய்திருப்பேன்.

“நீங்க படிக்கலங்க,” என்றாள், கோபமில்லாமல். “புரிஞ்சுக்கறீங்க.”

இருபது வருடம் கூட இருந்து, அவள் செய்கிற வேலை என்ன என்பது அன்றுதான் எனக்கு லேசாக உறைத்தது. நாமெல்லாம் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற விஷயத்துக்கு ஓடிவிடுகிறோம். ஓடாமல் எழுத்தின் மேலேயே நிற்கத் தெரிந்தவள் அவள்.

பிறகு பாஸ்வேர்டு வந்தான். பாஸ்வேர்டு என்பது என் மைத்துனன், இவளுடைய தம்பி. எதை எடுத்தாலும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுகிற பழக்கம், விட்டால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் போடுவான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ இறக்கி, எதையோ தட்டி, கடைசியில் அக்கா கையைப் பிடித்து விசைப்பலகை மேல் வைத்தான். இனி நீ பார்க்க வேண்டாம், கேள் என்றான். பெட்டிக்குள் இருந்து ஒரு பெண்குரல் பேச ஆரம்பித்தது. அதற்கப்புறம் அது வாயை மூடவே இல்லை.

அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தது நான்தான். திரையில் இருக்கிற எல்லாவற்றையும் படிக்கிற மென்பொருள் அது. எதைத் தொட்டாலும் சொல்லும். கோப்பு, திருத்து, பார்வை, பொத்தான், மூடு. மணி எத்தனை என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்லும். நான் சீட்டாட்டத்தைத் திறந்தால் வீட்டுக்கே கேட்கும்படி அதையும் அறிவித்துத் தொலைக்கும். சாவுச் செய்தியையும் சிரிப்புக் கதையையும் ஒரே குரலில் வாசிக்கும். இதற்கு உணர்ச்சியே இல்லையே, நான் படித்ததே தேவலாமே என்று முணுமுணுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் பசி தெரிந்தது.

“அதுக்கு ஒண்ணுமே புரியாதுங்க,” என்றாள். “அதான் எனக்கு வேணும்.”

‘வந்தர்கள்’ என்று இருந்தால் வாயாடி ‘வந்தர்கள்’ என்றே சொல்லும். எழுத்தாளர் பெரிய ஆள், இப்படியா எழுதியிருப்பார் என்று யோசிக்காது. ஒரு புத்தகம், இரண்டு புத்தகம் காதாலேயே முடித்தாள். பதிப்பகத்துக்குத் தன் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வராது என்று நம்பினோம்.

வந்துவிட்டது. ஒரு கவிதைத் தொகுப்பில், பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு, ‘பணி விழுந்த தோள்கள்’ என்று அச்சாகியிருந்தது. கவிஞர் எழுதியது ‘பனி விழுந்த தோள்கள்’. என் காதலியின் தோளில் வேலை விழுந்திருக்கிறது என்று கவிஞர் பதிப்பாளருக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். இரண்டு சுழி ‘ன’ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சுழி ‘ண’. வேறு யாராவது இதைத் தவறவிட்டிருந்தால் பதிப்பாளர் சிரித்திருப்பார். இவள் விட்டதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. வரச் சொன்னார், போனோம். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனிதர், அதனாலேயே அவருக்குச் சங்கடம். மேசைமேல் இருந்த காகித எடையை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தார். உங்களைக் கைவிடவும் மனசு வரவில்லை, புத்தகங்களைக் கைவிடவும் மனசு வரவில்லை என்றார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: அடுத்து வரப்போகிற தடித்த நாவலை இவளிடமும் கொடுப்பார், கண் நன்றாகத் தெரிகிற இன்னொருவரிடமும் கொடுப்பார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாவல் இருந்த பென் டிரைவை அவள் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

பிரச்சினை என்னவென்று வீட்டுக்கு வந்ததும் எனக்கு விளக்கினாள். வாயாடிக்கு ல, ள, ழ மூன்றும் ஒட்டிப் பிறந்தவை. ர, ற இரட்டைப் பிள்ளைகள். ன, ண இரண்டுக்கும் ஒரே சட்டை. மெதுவாக வாசித்தால் கொஞ்சம் வித்தியாசம் கேட்கும், வேகம் கூட்டினால் எல்லாம் ஒன்று. மெதுவாக வாசித்தாலோ புத்தகம் முடியாது. பார்வைக்குப் பளிச்சென்று தெரிகிற தப்பு, காதுக்குள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. தமிழில் முக்கால்வாசித் தப்பு இந்த எழுத்துகளில்தான் நடக்கும் என்றாள். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, அம்புக்குறியைத் தட்டி, எழுத்து எழுத்தாகக் கேட்டாள். அப்படிக் கேட்டால் எந்த எழுத்து என்று வாயாடி ஒழுங்காகச் சொல்லிவிடும். ஆனால் அது மறுபடியும் பூதக்கண்ணாடி வேகம்தான். இரண்டு நாளில் விரல் முட்டி வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. வீட்டில் வாயாடி பேசாதது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

அன்று சாப்பிடும்போது, என்னிடம் என் வேலையைப் பற்றிக் கேட்டாள். அவள் கேட்கவே மாட்டாள், நானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள். அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. காலையில் ஒரு பழைய ஏசியைக் கழற்றினேன், உள்ளே எல்லா ஒயரும் சூட்டில் கறுத்து ஒரே நிறமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“எல்லாம் ஒரே கலரா இருந்தா, திரும்ப மாட்டும்போது எது எதுன்னு எப்படிங்க தெரியும்?”

“கழட்டுறதுக்கு முன்னாடியே டேப் சுத்திடுவேன். ஒண்ணுக்குச் சிவப்பு, ஒண்ணுக்குப் பச்சை.”

“அந்த ஒயரு நெஜமாவே செவப்பு இல்லையே?”

“இல்லதான். எனக்கு அடையாளம் தெரிஞ்சாப் போதும்ல?”

அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். கை கழுவினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. வாயாடி பேச ஆரம்பித்தது கேட்டது. கருவிகள், அமைப்புகள், அகராதி, புதிது சேர். நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டு அவள் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம், பத்து நாள் எனக்குச் சீசன் வேலை. வெயில் காலம் வந்தால் என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் வீட்டில் பார்க்க முடியாது. காலையில் அவள் தூங்கும்போது போய், திரும்பி வந்து கட்டையைக் கிடத்துவேன். ஒரு மத்தியானம், வாடிக்கையாளர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டதால் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் உள்ளே ரேடியோ ஓடுவதாக நினைத்தேன். வேறு ஏதோ நாட்டு ரேடியோ. ஒரு பெண்குரல் மளமளவென்று, மூச்சு வாங்காமல், காதில் வாங்க முடியாத வேகத்தில், கேட்டே இராத ஒரு பாஷையில் பேசிக்கொண்டே போனது. நிறைய ‘ஷ்’, நிறைய ‘ஸ’, நடுநடுவே பெருமூச்சு மாதிரி ஒரு ‘ஹ’. வெளிநாட்டுக்காரி யாரோ சண்டை போடுகிறாள் என்று தோன்றியது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஜன்னல் திரை இழுத்து விட்டிருந்தது. கம்ப்யூட்டர் திரை அணைந்திருந்தது. வெறும் கறுப்புக் கண்ணாடி, அதில் ஒன்றுமே இல்லை. அதற்கு முன்னால் நிமிர்ந்து, முதுகை நாற்காலியில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் மட்டும் விசைப்பலகையில் இருந்தன. அந்தப் பாஷை ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று அவள் சுண்டுவிரல் அசைந்தது, குரல் நின்றது. அம்புக்குறியைத் தட்டினாள், பின்னால் போனாள், ஒரு எழுத்தை அழித்தாள், ஒரு எழுத்தை அடித்தாள். குரல் மறுபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. அழித்தாள், அடித்தாள். அவள் முகத்தில் எந்தக் கஷ்டமும் இல்லை. முன்பெல்லாம் கண் நன்றாக இருந்த காலத்தில், சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து படிப்பாளே, அந்த முகம்.

நான் ஓடுகிற கம்ப்ரஸர் மேல் காதை வைத்து உள்ளே எந்த வால்வு சரியாக உட்காரவில்லை என்று சொல்லுவேன். அதை மந்திரம் மாதிரி பார்க்கிற வாடிக்கையாளர்கள் உண்டு, எனக்கோ அது பழக்கம்தான் என்று தெரியும், ரொம்ப நாள் செய்தால் யாருக்கும் வரும். ஆனால் அன்று வாசலில், ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டு அவளைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயமாகக்கூட இருந்தது. இது யார், என் மனைவிதானா, இவள் எப்போது இங்கே போய்ச் சேர்ந்தாள் என்று நினைத்தேன். ஒரு அடி எடுத்து வைத்தாலும் ஏதோ உடைந்துவிடும் போல இருந்தது. அவள்தான் மூக்கை உறிஞ்சி, கேஸ் வாசனை அடிக்கிறதே, ஏன் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று கேட்டாள்.

“என்னம்மா பாஷை இது?”

“தமிழ்தாங்க.” சிரித்தாள். “டேப் சுத்தியிருக்கேன்.”

பக்கத்தில் உட்கார வைத்து, எனக்காக வாயாடியின் வேகத்தை இறக்கி, இறக்கி, கிழவி நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து ஒரே ஒரு வரியைப் படிக்க விட்டாள். குரல் நிதானமாகச் சொன்னது: அவஷ் கஹ்ஹாடியைக் கஜஸ்ஸினாஷ். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திரையைப் போட்டுக் காட்டினாள். ‘அவள் கண்ணாடியைக் கழற்றினாள்’ என்று இருந்தது. வாயாடிக்குள் ஒரு அகராதி இருக்கிறது, இந்த எழுத்தை இப்படி உச்சரி என்று நாமே சொல்லிக் கொடுக்கலாம். பாஸ்வேர்டு அதை ஊர்ப் பெயர்களுக்காக என்று சொல்லியிருந்தானாம். இவள் மூன்று சுழி ‘ண’ வந்தால் ‘ஹ’ என்று சொல்லச் சொன்னாள். ‘ழ’ வந்தால் ‘ஜ’. ‘ள’ வந்தால் ‘ஷ’. ‘ற’ வந்தால் ‘ஸ’. எழுத்து இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, சத்தத்துக்கு மட்டும் டேப். இனி தோளில் பனி விழுந்தால் ‘பனி’ என்று கேட்கும். வேலை விழுந்தால் ‘பஹி’ என்று கேட்கும். எவ்வளவு வேகத்திலும் தப்பாது.

முதல் இரண்டு நாள் தலைவலி வந்ததாம். மூன்றாம் நாள் கனவில் நான்கூட அவளிடம் ‘தஹ்ஹீர் வேஹும்’ என்று கேட்டேனாம். அப்புறம் காது பழகிவிட்டது. இப்போதெல்லாம் ‘கண்ணாடி’ என்று யாராவது சரியாகச் சொன்னால்தான் ஒரு நொடி தப்பாகப் படுகிறது என்றாள். நான் அந்த வரியை நானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். நாக்கு சுளுக்கிக்கொண்டது. அவள் வேகத்தை மறுபடி ஏற்றினாள், கிழவி ஓடத் தொடங்கினாள், பறந்தாள், அந்த வெளிநாட்டுக்காரி திரும்ப வந்துவிட்டாள். நான் எழுந்து போய் ரொம்ப நேரம் சமையலறையில் சும்மா நின்றேன்.

நாவலை முடித்து அனுப்பினாள். பதில் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அதாவது நான் அவளையும் அவள் என் காதையும். ஒரு நாள் போன் வரவில்லை, பதிப்பாளரே வந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கையில் இரண்டு கட்டுக் காகிதத்தோடு. டீ போட்டுக் கொடுத்தேன். டீ ஆறும் வரை வெயிலைப் பற்றிப் பேசினார், எங்கள் ஃபிரிட்ஜின் வயதை விசாரித்தார். அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போய்விடக்கூடாதா என்று எனக்கு இருந்தது.

பிறகு சொன்னார். எழுத்துப் பிழைகளில் இன்னொருவர் பிடித்ததை எல்லாம் இவள் பிடித்திருக்கிறாள், அவர் விட்டவற்றையும் பிடித்திருக்கிறாள். அவள் கை நாற்காலியின் விளிம்பைப் பற்றியிருந்தது கொஞ்சம் தளர்ந்தது. ஆனால், என்று அவர் ஒரு காகிதத்தை எடுத்து, அவளிடம் நீட்டப் போய், ஞாபகம் வந்து, என்னிடம் கொடுத்தார். ஒரு அத்தியாயத்தின் தலைப்பு மற்ற தலைப்புகளைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. இன்னொரு பக்கத்தில் முந்தைய பத்தியின் கடைசி வரி மட்டும் தனியாக, பக்கத்தின் தலையில் அநாதையாக நின்றது. இதெல்லாம் அவள் கண்ணில் முன்பு தப்பவே தப்பாது என்று அவர் சொல்லவில்லை, எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“அது பார்த்துத்தான் சார் தெரியும்,” என்றாள். “அது இனிமே என்னால முடியாது. முடியும்னு சொன்னா பொய்.”

அவர் தலையை ஆட்டினார். அவளுக்கு அது தெரிந்திருக்காது என்று நினைத்து, ஆமாம் என்றும் சொன்னார். காகிதங்களை ஒழுங்குபடுத்தி அடுக்கினார். எழுந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். எழவில்லை. அந்த எழுத்துப் பிழைகளை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார். வேலை கொடுக்கிறவராகக் கேட்கவில்லை, தாங்க முடியாத ஆர்வத்தில் கேட்ட மாதிரிதான் இருந்தது. அவள் எழுந்து போய், மேசையைத் தடவி, திரையைப் போடாமலே நாவலைத் திறந்து, தன் வழக்கமான வேகத்தில் வாயாடியை ஓட விட்டாள்.

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குழப்பம். பிறகு, பெட்டி கெட்டுவிட்டது போலிருக்கிறதே என்கிற பரிதாபம். அவள் ஒரு இடத்தில் நிறுத்தி, இதுதான் சார், அண்ணனும் தங்கையும் பஸ் நிலையத்தில் பிரிகிற இடம் என்றாள். அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அவரே கையெழுத்துப் பிரதியைப் படித்து அழுதுவிட்டுத்தான் அந்த நாவலைப் பதிப்பிக்க எடுத்துக்கொண்டாராம். வேகத்தை இறக்கச் சொன்னார், இன்னும் இறக்கச் சொன்னார். அவஷ் திரும்பிப் பார்க்காமஸ்போனாஷ் என்று குரல் இழுத்தது. ‘பார்க்காமற்போனாள்’ என்று அவள் அர்த்தம் சொன்னாள். அவர் உதடு அசைந்தது. இன்னொரு வரி, இன்னொரு வரி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டீயின் மேல் ஆடை கட்டியது.

“ஒரு நாள் இந்த மெஷின் தப்பாப் படிச்சிட்டா?” என்று கடைசியில் கேட்டார்.

“தப்பாப் படிக்கத்தான் சார் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு போய், அறையை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார், அணைந்த திரை, இழுத்து விட்ட ஜன்னல் திரை, என் கருவிப் பை எல்லாவற்றையும். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தவர், மறுபடி எடுத்து, அவள் உள்ளங்கையைத் திறந்து அதில் வைத்தார். பார்க்க வேண்டியதை வேறொருவரிடம் பார்க்கச் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள், இது முடியட்டும், அப்புறம் பேசுவோம் என்றார். அப்புறம் என்ன பேசுவார் என்று தெரியாது. படியிறங்கும்போது தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார், ‘ஷ்’ என்று முடிந்தது எனக்குக் கேட்டது.

அது ஒரு பெரிய நாவல், இன்னும் முடியவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நான் விளக்குப் போடுவதில்லை. அவளுக்குத் தேவையில்லை, எனக்கும் அந்த இருட்டு பிடித்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, அவளுக்குப் பின்னால் இருக்கிற நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, வாயாடியைக் கேட்பேன். புரியாது. புரிய வேண்டும் என்றும் இல்லை. சின்ன வயதில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் படுத்துக் கிடப்போமே, அந்த மாதிரி கிடப்பேன். சில நாள் தூங்கிவிடுவேன். அவள் கை அசைவதையும், குரல் நிற்பதையும், எங்கோ ஒரு எழுத்து தன் இடத்துக்கு வந்து சேர்வதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். நான் அவளை நேராகப் பார்ப்பேன். என்னால் முடியும் என்பதே சில நாள் கூச்சமாக இருக்கும்.

நேற்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கிய அலுப்பு, கண் செருகிக்கொண்டு போனது. வாயாடி கொட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று யோசிக்கவில்லை. பால்கனிக் கதவைத் திறந்து, கொடியில் இருந்த துணியை எல்லாம் வேகமாக உருவி, ஒரு கையில் அள்ளி, மறு கையால் கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் வானத்தைப் பார்த்தேன். ஒரு துளி மேகம் இல்லை. துணியெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து, பகல் வெயிலின் சூடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே குரல் நின்றது.

“ஏங்க, எங்க போனீங்க?”

“துணி எடுக்க,” என்றேன். “மழை வருதுன்னு...”

சொல்லி முடிக்கவில்லை. யார் சொன்னார்கள் மழை வருகிறது என்று? என் காதில் கேட்டது மழை இல்லை. மஜை. மஜை பிடித்துக்கொண்டது, மஜை, மஜை என்று அந்த வெளிநாட்டுக்காரி சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவு வேகத்தில், அது என் காதில் நேராக இறங்கி என்னை எழுப்பி விட்டிருக்கிறது. அவள் நாற்காலியைத் திருப்பி, எனக்குப் பக்கத்தில் இருந்த கதவுச் சட்டத்தைப் பார்த்தாள், அதாவது என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் கண் ஈரமாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது, இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

“எடுத்து உள்ள வச்சிடுங்க,” என்றாள். “இன்னும் ரெண்டு பக்கத்துக்கு விடாது.”

திரும்பி உட்கார்ந்து விசையைத் தட்டினாள். நான் காய்ந்த துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெளிந்த வானத்துக்கும் இருட்டான அறைக்கும் நடுவே, பால்கனிக் கதவில் நின்றேன். உள்ளே மஜை பிடித்துப் பெய்தது.